மூலை வளைவில் என் இஸ்திரி வண்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராகப் போகாது. கோடு போட்ட தாளிலேயே மேலே ஏறிக் கீழே இறங்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இதை டைப் அடிக்கிறவர் தயவுசெய்து திருத்திக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் எனக்கு இதைவிட மோசம். ஆயுத பூஜை அன்று எங்கள் மார்க்கெட்டில் இருக்கிற எல்லோரிடமும், எப்படி இங்கே வந்தோம் என்று கேட்டுப் போனில் பதிவு செய்தார்கள், சின்னதாக ஒரு புத்தகம் போடுவதற்கு. மீன் விற்கிற அக்கா நிறுத்தவே இல்லை. என் முறை வந்து போனை முகத்துக்கு நேரே நீட்டியதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நான் துணி தேய்க்கிறவன். தள்ளுவண்டியும் கரிப் பெட்டியும்தான் தொழில். அஸ்தினாபுரத்தில் ஒரு புங்க மரத்தடியில் ஆரம்பித்தேன். மரத்தடியில் கார் நிறுத்த வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒரு அடுக்குமாடி வீட்டின் மதில் ஓரம். மதிலுக்குப் புதுப் பெயின்ட் அடித்ததும், புகை படுகிறது என்றார்கள். அப்புறம் மேடவாக்கம் போகிற ரோட்டில், மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசல். கடையைத் திறந்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டி விரட்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றுதான் சொல்வார்கள். அப்படித் தள்ளித் தள்ளி கோவிலம்பாக்கம் வந்து சேர்ந்தேன். அதில் ஒரு பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. தேய்க்கும்போது பின்னால் யாராவது வந்து நின்றால், அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே என் கை வண்டியின் பிடிக்குப் போய்விடும். பாதி நேரம் அவர் துணி கொடுக்க வந்தவராக இருப்பார்.

கோவிலம்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து நேராக உள்ளே வருகிற ஒரு சந்து. அதன் முடிவில், முன்பு வயல் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சதுரமாக ஒரு இடம் இருந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது. அண்ணனை நாங்கள் இடத்துக்காரர் என்போம். தங்கை, பிரான்ஸ் நாட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர். கணவருக்கு அங்கே விமானம் செய்கிற கம்பெனியில் வேலை. அந்த நாட்டின் தென்மேற்குப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரைப் பல முறை சொல்லிப் பார்த்தார், என் வாயில் நுழையவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் நடுவில் சதுரமாகச் சந்தை கூடுகிற இடம் இருக்குமாம். அதைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள். அந்த வீடுகளின் மாடி முன்னால் நீட்டிக்கொண்டு வந்து தூண்களின் மேல் நிற்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் வளைவு. வளைவுகளுக்குக் கீழே நிழலாக நடந்துகொண்டே நாலு பக்கமும் சுற்றி வரலாம். தங்கை அந்த மாதிரிதான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. கட்டுகிற காலத்தில் நான் சந்தில் வெயிலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்ததால், அவர்கள் சண்டை முழுவதும் என் காதில் விழுந்தது.

"ரோட்டப் பாத்த மாதிரி நாலு ஷட்டர் போட்டமா, வாடகைக்கு வுட்டமான்னு இல்லாம, நடுவுல இன்னாத்துக்குமா இவ்ளோ காலி எடம்? கிரிக்கெட் ஆடப் போறியா?"

"அந்தக் காலி எடம்தாண்ணா மார்க்கெட். கடைங்க அதுக்கு ஓரம்."

"ஓரத்துக்குத்தான் வாடகை வரும். காலி எடத்துக்கு காக்காதான் வரும்."

கடைசியில் தங்கை சொன்னபடிதான் கட்டினார்கள். சுற்றிலும் கடைகள், கடைகளுக்கு முன்னால் வளைவுகள், நடுவில் திறந்த வெளி. ஜனங்கள் ஆர்ச்சு மார்க்கெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் நடுவில் காய்கறி, பூ, மீன் எல்லாம் வரும். மீன் அக்கா கோவளம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவார்.

தை மாதம் திறந்தார்கள். திறந்த மறுநாளே அந்தத் தங்கை சந்துக்கு வந்து, "அண்ணா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க. அந்த மூலை காலியாதானே இருக்கு" என்றார். அவர் வீட்டுத் துணி நான்தான் தேய்ப்பேன். அப்படி மூலை வளைவுக்குக் கீழே என் வண்டி வந்து நின்றது. என் வண்டிக்கு மேலே கூரை என்று ஒன்று இருந்தது அதுதான் முதல் தடவை.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அங்கே நிலைகொள்ளவில்லை. மூலை என்பது இரண்டு பக்கத்து வளைவுகளும் சேருகிற இடம். சந்திலிருந்து உள்ளே வருகிறவர்களும் அங்கேதான் நுழைவார்கள், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போகிறவர்களும் அங்கேதான் திரும்புவார்கள். என் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பினால்தான் போகலாம். பை வைத்திருந்தால் பையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். "பரவால்ல, நீங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நுழைவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பேன். காற்றும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கரி சீக்கிரம் கனிந்து சீக்கிரம் சாம்பலாகும். அந்தச் சாம்பல் வெள்ளைச் சட்டையின் மேல் வந்து உட்காரும். வண்டியை நீளமாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன், குறுக்காக வைத்துப் பார்த்தேன். துணி மூட்டையை வண்டிக்கு அடியில் தள்ளினேன். எப்படி வைத்தாலும் வண்டி அளவு வண்டிதானே.

என் மனைவி அடுக்குமாடிகளில் ஏறி இறங்கித் துணி வாங்கி வருவாள். நான் வண்டியை இப்படியும் அப்படியும் நகர்த்துவதைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"மரத்தாண்ட நின்னப்ப கெள ஒடஞ்சி தலைல வுயும்னு பயந்துகினு இருந்த. இப்ப இன்னா, ஆர்ச்சு வுயப் போவுதா?"

"வுயாது."

"அப்ப நில்லேன். இன்னாத்துக்கு கால்ல சுடுதண்ணி கொட்டின மாதிரி ஆடிக்கினு கீற?"

ஒரு நாள் அந்தத் தங்கை புடவைக்காகக் காத்திருந்தபோது, போனில் அந்த ஊரைக் காட்டினார். நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எழுநூறு வருடம் இருக்கும் என்றார். கல் தூண்கள் யானைக்கால் மாதிரி தடிமன். இடுப்பு உயரத்தில் கல் தேய்ந்து மழமழவென்று இருந்தது, அத்தனை பேர் உரசிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு வளைவு அரை வட்டம், அடுத்தது தாமரை மொட்டு மாதிரி கூர். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். ரேஷன் கடை வரிசையில் குண்டும் ஒல்லியுமாக ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்களே, அப்படி நின்றன அந்த வீடுகள். நடுவில் மர உத்தரங்கள் போட்ட ஒரு பெரிய கொட்டகை. அதற்குக் கீழே தானியம் அளப்பதற்கு, நம் மரக்கால் மாதிரி, ஆனால் பெரிதாக ஏனங்களை நிரந்தரமாகப் பதித்து வைத்திருந்தார்கள். அப்புறம் சந்தை நாள் வீடியோ. பூண்டைச் சடை பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். வாத்து விற்றார்கள். வளைவுகளுக்குக் கீழே நாற்காலி போட்டு வயசானவர்கள் காப்பி குடித்தார்கள். அவர்களைத் தாண்டி ஜனங்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அங்க தேய்க்கிறவங்க யாரும் இல்லியா மேடம்?"

"அவங்கவங்க வீட்லயே தேச்சுப்பாங்கண்ணா. நெறய பேர் தேய்க்கவே மாட்டாங்க."

அந்த ஊரில் நமக்குப் பிழைப்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

அவர் அந்த ஊரில் இருந்த முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். பாஷை தெரியாது, கணவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். "கடைக்குள்ள போனா பேசணும். வீட்ல இருந்தா அழணும். அதனால அந்த ஆர்ச்சுக்குக் கீழ நடப்பேன். சுத்திச் சுத்தி நடப்பேன். மேல மாடி வீட்டுக்காரங்களோடது, கீழ இருக்கிற தரை ஊரோடது. எதுக்கு வந்தே, என்ன வாங்கறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அப்படி ஒரு எடம் இல்லன்னா நான் அந்த வருஷமே திரும்பி ஓடி வந்திருப்பேன்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கடைக்குள் போய் விலை கேட்க வெட்கப்பட்டு, வெளியிலேயே நடந்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான்.

அப்புறம் அந்த ஊரின் மூலையைக் காட்டினார். இரண்டு பக்கத்து வளைவுகளும் மூலையில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரு ஆள் போகிற அளவு வழி. "இதுதாண்ணா முக்கியம். மூலை அடைச்சிருந்தா சுத்த முடியாது. வந்த வழியே திரும்பணும்" என்றார். என் கண் போனை விட்டு என் வண்டிக்கு வந்தது. அவர் அதைக் கவனித்தாரா, தெரியாது. புடவை மடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உடம்பைத் திருப்பி, என் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் நுழைந்து போனார்.

ஆடி மாதம் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு கடை காலியானது. இடத்துக்காரர் யாரையோ கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். வந்தவர் சந்தின் அந்தக் கோடியில் நின்று பார்த்துவிட்டு, இது தெருக்குத்து என்று சொல்லிவிட்டார். தெரு நேராக வந்து ஒரு கட்டடத்தில் முட்டினால் அது ஆகாது, அந்த இடத்தில் பிள்ளையார் வைப்பது நம் வழக்கம். எங்கள் சந்து நேராக வந்து முட்டுவது மூலை வளைவில்தான். இடத்துக்காரர் அன்றைக்கே மாமல்லபுரம் பக்கம் போய்க் கல்லில் பிள்ளையார் சொல்லிவிட்டு வந்தார். சதுர்த்திக்குள் மூலையில் ஒரு சின்னக் கோவில், கம்பிக் கதவோடு, கட்டிவிட வேண்டும் என்றார்.

என்னிடமும் வந்து சொன்னார். "நீ ஒண்ணும் பயப்படாத. கோவில ஒட்டினாப்ல உனக்கு எடம் வுடறேன். கற்பூரம் ஏத்தறதுக்கு நெருப்பு ரெடியா இருக்கும் பாரு."

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "புள்ளையாரே வந்து எடம் புடிச்சுக் குடுக்கிறாரு! சாமி பக்கத்துல கீறவன எவன் எய்ந்து போன்னு சொல்லுவான்?"

அவள் சொன்னது சரி. பிள்ளையார் உட்கார்ந்துவிட்டால் அந்த மூலை எனக்கு நிரந்தரம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைத் தள்ளிக்கோ என்று சொல்ல ஆள் இருக்காது. ஆனால் வழி அடைபட்டுவிடும். ஒரு ஆள் உடம்பைத் திருப்பிப் போகிற அந்த இடுக்கும் இருக்காது. சந்திலிருந்து வருகிறவர்கள் வெளியே சுற்றிக்கொண்டு அடுத்த பக்கத்து கேட் வழியாக வர வேண்டும். தங்கை இதற்காகத்தான் அண்ணனோடு அத்தனை சண்டை போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாரம் ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன், எப்போதும் அப்படி நடக்காது.

மேஸ்திரி அளவெடுக்க வந்த காலையில் அண்ணனும் தங்கையும் மூலையிலேயே வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணா, இது வழி. மூலைய அடைச்சா நாலு பக்கமும் நாலு துண்டாப் போய்டும்."

"வழியா? இத்தன மாசமா இவரு வண்டி நிக்குதே, அப்ப எங்க போச்சு உன் வழி? இஸ்திரி வண்டி நின்னா வழி, புள்ளையார் உக்காந்தா வழி இல்லியா? நீதான கூட்டாந்து நிக்க வெச்ச?"

தங்கை தரையைப் பார்த்தார். "அப்படின்னா இவர நகரச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனுக்குப் பதில் இருந்திருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று அண்ணனுக்கும் தெரியும்.

மீன் அக்கா வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தார். "யம்மா, அந்த ஊர்ல தெருக்குத்துக்கு இன்னா பண்ணுவாங்கோ? அவனுங்களுக்குத்தான் புள்ளையாரே இல்லியே!"

"அங்க தெருக்குத்தே கெடையாதுக்கா. தெரு எல்லாம் மூலைலதான் வரும். வந்து உள்ள நொழைஞ்சு அந்தப் பக்கம் போய்டும். முட்டாது."

"அப்புறம் இன்னா? முட்டினாத்தான குத்து?" மீன் அக்கா கத்தியைக் கீழே வைத்தார். சந்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இங்கயும் செவுத்துல எங்க முட்டுது? தெரு நேரா வந்து இந்தாளு வண்டிலதான்யா முட்டிக்கினு நிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தார், இடத்துக்காரரும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கக்கா" என்றார்.

அன்று வீட்டில் மனைவியிடம், வண்டியை நடுவில் கொண்டுபோய் வைக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"நடுவுலயா? வெயில்லயா? யார்னா போ சொன்னாங்களா?"

"இல்ல."

"யாரும் சொல்லாமயே போவியா? மள வந்தா இன்னா பண்ணுவ? ஐப்பசி கார்த்திகல சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

மூலையில் நிற்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் அந்தக் கூரைதானே.

மறுநாள் காலை கடைகள் திறக்கும் முன்பு வண்டியை வெளியே தள்ளினேன். முதலில் மீன் அக்கா பக்கத்தில் நிறுத்தினேன். அவர் கையை வீசி விரட்டினார்.

"யோவ், இங்க நிக்காத! ஆபீஸ் போறவன் சட்டைல வஞ்சிரம் வாசன வரும். பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பூன தொரத்தும். பூக்காரியாண்ட போ, மல்லி வாசனயா இருக்கும், துணிக்கு ரெண்டு ரூவா கூட வாங்கலாம்!"

பூக்கடைப் பக்கம் போனேன். மூங்கில் கழியில் ஒரு பழைய பேனர் துணியைக் கட்டி நிழல் போட்டுக்கொண்டேன்.

இடத்துக்காரர் சந்து வழியாக வந்தார். மூலையில் நான் இல்லாததைப் பார்த்து நின்றார். சந்திலிருந்து பார்த்தால் வளைவுக்குள்ளே நடுவிடம் வரைக்கும், காய்கறிக் குவியல் வரைக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மூலை வழியாகவே உள்ளே வந்தார். உடம்பைத் திருப்பவில்லை.

"இன்னாபா, தங்கச்சி எதுனா சொல்லுச்சா?"

"இல்லண்ணா."

"அப்புறம் ஏன்?"

"அங்க காத்துல சாம்பல் பறக்குதுண்ணா" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளையார் வந்தார். மேஸ்திரி மூலைத் தூணில், தலை உயரத்தில், சந்தைப் பார்த்த மாதிரி ஒரு மாடம் குடைந்து அவரை உட்காரவைத்தார். இடத்துக்காரர்தான் அப்படி வைக்கச் சொன்னார். தூணில் வைத்தால் போதும், வழியில் எதற்கு என்று தங்கையிடம் தானே சொன்னாராம். உள்ளே வருகிறவர்கள் நடந்துகொண்டே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

சதுர்த்தி அன்று தங்கை மூலை வழியாக நுழைந்து, வளைவுகளுக்குக் கீழேயே நாலு பக்கமும் நடந்தார். ஒன்றும் வாங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. மறுபடியும் ஒரு சுற்று. அப்புறம் என் வண்டிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, மழை வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம் மேடம்."

மழை வந்தது. ஐப்பசியில் விட்டு விட்டுப் பெய்தது, இப்போது விடாமல் பெய்கிறது. தூறல் விழுந்தால் நடுவில் இருக்கிற நாங்கள் எல்லோரும் கூடையையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு வளைவுக்குள் ஓடுகிறோம். நான் ஏதாவது ஒரு கடை ஓரம் ஒதுங்குவேன், மூலைக்கு மட்டும் போக மாட்டேன். விட்டதும் வெளியே தள்ளுகிறேன், கரி நனைகிறது, மறுபடியும் உள்ளே. துணி பாதிதான் ஆகிறது. "அந்த மூலைல நின்னிருந்தா தெனம் தேச்சிருப்ப" என்று மனைவி சொல்கிறாள். அதை மறுக்க முடியாது. சில நாள் எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழையில் குடை இல்லாத ஜனங்கள் வளைவுகளுக்குக் கீழே சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நாலு பக்கமும் ஓடுகிறார்கள். காலேஜ் பெண் ஒருத்தி போனை வைத்துக்கொண்டு அழுதபடியே மூன்று சுற்று நடந்ததை நேற்றுப் பார்த்தேன். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலையிலிருந்து மழை. பெட்டியில் கரி போடவே இல்லை, அதனால்தான் எழுத முடிந்தது. இப்போது கொஞ்சம் வெளுக்கிற மாதிரி இருக்கிறது. பூக்காரம்மா கூடையைத் தூக்கிவிட்டார். நானும் வண்டியை வெளியே தள்ள வேண்டும்.

27 நவம்பர் 2024, புதன்கிழமை.